விரலை நோகடிக்காமல் ஜாஸ் கார்டு: தளர்த்திக் கட்டும் ஒரு திறந்த ட்யூனிங்

கிட்டார் கற்க வருகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். மேஜர், மைனர் கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பவை) கைவந்துவிடும். நாலைந்து பாட்டுக்குத் தைரியமாக வாசிப்பார்கள். அப்புறம் காது ஜாஸ் பக்கம் போகும். மேஜர் செவன், மைனர் நைன் என்று தேட ஆரம்பிப்பார்கள். கார்டு படத்தைப் பார்த்து விரல்களை நாலு திசையில் இழுத்து, ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் அமுக்கிப் பிடித்து, வலிக்க வலிக்கச் சாதகம் செய்வார்கள். இரண்டு வாரம் கழித்துக் கட்டைவிரல் அடியைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, "பழகினால் சரியாகிவிடும்தானே சார்?" என்று கேட்பார்கள்.

விரல் நுனி எரிச்சல் பழகப் பழகச் சரியாகும். கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வரும் வலி அந்த ரகம் இல்லை. அது வந்தால் வாசிப்பை நிறுத்த வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, கிட்டாரைக் கீழே வைத்த பிறகும் வலி விடாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் சாதகம் என்பது அதற்கு மருந்தே அல்ல.

கார்டு முழுவதையும் விரல்தான் கட்ட வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. பாதியைத் தந்தியிடமே விட்டுவிடலாம். ஹவாய்த் தீவுகளின் கிட்டார் மரபு இதில்தான் வளர்ந்தது. அதற்கு அங்கே 'கீ ஹோஆலு' என்று பெயர். தளர்த்திக் கட்டுவது என்று பொருள். அந்த மரபில் மேஜர் செவன்த் ஸ்வரத்தைத் திறந்த தந்தியிலேயே, அதாவது விரல் வைக்காமலே ஒலிக்கும் தந்தியிலேயே, வைக்கும் ட்யூனிங் (சுருதி சேர்ப்பு) வகையை 'வஹீனே' என்பார்கள். கனடாவின் பாடகி ஜோனி மிச்செல் ஒன்பது வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். இடது கையில் பலம் குறைந்ததால், கைக்கு ஏற்றபடி தந்திகளை விதவிதமாகச் சேர்த்துப் பார்த்தார். அவருடைய கார்டுகள் அத்தனை வித்தியாசமாக ஒலிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நான் முதலில் கற்றுத்தருவது ஜி வஹீனே. தடித்த ஆறாவது தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை: டி, ஜி, டி, எஃப் ஷார்ப், பி, டி. வழக்கமான ட்யூனிங்கிலிருந்து வர, ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய தந்திகளை இரண்டு ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த கம்பி) அளவும், மூன்றாவதை ஒரு ஃப்ரெட் அளவும் இறக்க வேண்டும். நான்கும் இரண்டும் அப்படியே இருக்கும். ட்யூனர் கையில் இல்லையா? 5, 7, 4, 5, 3 என்ற எண்களை நினைவில் வையுங்கள். ஆறாவது தந்தியின் 5-ஆவது ஃப்ரெட் திறந்த ஐந்தாவது தந்தியோடு சேர வேண்டும். ஐந்தாவதின் 7 நான்காவதோடு. இப்படியே முதல் தந்தி வரை. ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். சில தந்திகளைத் தளர்த்தியதும் நெக் லேசாக நிமிரும், கைவைக்காத தந்திகளின் சுருதி ஏறிவிடும். இரண்டாவது சுற்று கட்டாயம் தேவை.

இப்போது எதையும் பிடிக்காமல் மீட்டுங்கள். வருவது ஜி மேஜர் செவன். ஜி-யை ச என்று வைத்தால் அந்தர காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம் மூன்றும் கூடவே ஒலிக்கின்றன. இந்த இனிமை எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே சோதிக்கலாம். ஐந்தாவது தந்தியை 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி, திறந்த மூன்றாவது தந்தியோடு சேர்த்து மீட்டுங்கள். பல்லைக் கூசவைக்கும் உரசல் வரும். இப்போது விரலை எடுத்துவிட்டு அதே இரண்டு தந்திகளை மீட்டுங்கள். ஸ்வரங்கள் அதே ஜி-யும் எஃப் ஷார்ப்பும்தான். ஆனால் ஜி ஒரு ஸ்தாயி கீழே போனதும் அந்த உரசல் ஏக்கமாக மாறிவிடுகிறது. ஜாஸ் கார்டில் எந்த ஸ்வரம் இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம் என்பேன்.

சரி, விரல் வைப்போம். நடுவிரலை ஆறாவது தந்தியின் 2-ஆவது ஃப்ரெட்டில் வைத்து ஆறு தந்தியையும் மீட்டினால் ஈ மைனர் நைன். ஒரே விரல்! அதே நடுவிரலை அதே ஃப்ரெட்டில் ஐந்தாவது தந்திக்கு நகர்த்துங்கள். ஆள்காட்டி விரலை 1-ஆவது ஃப்ரெட்டில் மூன்றாவது, இரண்டாவது தந்திகளின் மேல் படுக்கவையுங்கள். ஐந்திலிருந்து இரண்டு வரை மட்டும் மீட்டுங்கள். ஏ, டி, ஜி, சி. ஏ மைனர் லெவன் நிறம் வந்துவிடும். அடுத்து நடுவிரலை அசைக்காமல், ஆள்காட்டி விரலை இரண்டாவது தந்தியில் மட்டும் நிமிர்த்தி நிறுத்தி, சுண்டுவிரலை முதல் தந்தியின் 2-ஆவது ஃப்ரெட்டில் வையுங்கள். ஆறு தந்தியும் ஒலிக்கட்டும், இது டி நைன். பிறகு எல்லா விரலையும் எடுத்துவிட்டால் ஜி மேஜர் செவன், வீடு வந்து சேர்ந்தாயிற்று. ஜி-யை ஒன்று என்று எண்ணினால், ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் ஆறு-இரண்டு-ஐந்து-ஒன்று என்ற நடை இது. எங்குமே ஆறு தந்தியையும் ஒரே விரலால் அமுக்கும் 'பார்' பிடிக்கவில்லை. ஒவ்வொரு கார்டிலும் ஐந்து எண்ணும் வரை நின்று, கட்டைவிரல் நெக்கை அழுத்துகிறதா என்று கவனியுங்கள். அழுத்த வேண்டிய தேவையே இல்லை.

கிட்டாருக்கும் வலிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவர் ஓப்பன் ஈ ட்யூனிங்கை (திறந்த தந்திகளே ஈ மேஜராக ஒலிப்பது) எங்கோ பார்த்து, தடித்த தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரை மாதக்கணக்கில் அதிலேயே வைத்திருந்தார். அதில் மூன்று தந்திகளை ஏற்ற வேண்டும். அவர் கொண்டுவந்தபோது தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு தாள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. ஒட்டு விட ஆரம்பித்துவிட்டது. ஒரு தந்தியை இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்றினால் அதன் இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் கூடுகிறது. அதே அளவு இறக்கினால் ஏறக்குறைய 21 சதவீதம் குறைகிறது. மெல்லிய தந்திகள் போட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரே சுமார் 70 கிலோ இழுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் ஏற்றுகிற ட்யூனிங் வேண்டாம், இறக்குகிறதே போதும். ஓப்பன் ஈ வேண்டுமென்றால் ஓப்பன் டி-யில் கட்டி 2-ஆவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) போடுங்கள். ஒலிக்கும் ஸ்வரங்கள் அவையேதான்.

இறக்கினால் வரும் சங்கடம் தந்தி அதிர்ந்து ஃப்ரெட்டில் அடிப்பது. முதலில் வலது கையை மென்மையாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். அவசரப்பட்டு ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) திருகாதீர்கள். நாளைக்கே பழைய ட்யூனிங்குக்குத் திரும்பும்போது அது இன்னொரு கோளாறாகும். திரும்பும்போது தந்தியை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். பழைய தந்தி அறுவது அப்போதுதான், முகத்தை ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜி, ஈ மைனர், டி பக்கம் இந்த ட்யூனிங் வாரி வழங்கும். பி ஃப்ளாட் மாதிரி தூரத்து ஸ்தானங்களில் கஞ்சத்தனம் காட்டும். அங்கே கேப்போவைத் தேடுவேன், இல்லையென்றால் வழக்கமான ட்யூனிங்குக்கே போய்விடுவேன். பார் கார்டைக் கற்காமலே இருந்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. கை தயாராகும் வரை காது காத்திருக்க வேண்டாமே.

தேடும்போது பக்கத்தில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தந்தியின் 5-ஆவது ஃப்ரெட்டை மட்டும் அழுத்தி, ஆறாவதை விட்டுவிட்டு மற்றவற்றை மீட்டிப் பாருங்கள். மிதக்கிற மாதிரி ஒரு சி கார்டு கிடைக்கும். பெயர் பிறகு தேடிக்கொள்ளலாம். முதலில் தேதி, ட்யூனிங், ஆறு எண்கள்: எக்ஸ்-5-0-0-0-0. எழுதி வைக்காமல் நான் தொலைத்த கார்டுகள் நிறைய. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.