டிஷ்ஷின் பார்வையில் படாத ட்ரோன்

செயற்கைக்கோள்களின் அலைக்கற்றையைத் தரைவழி இணையத்தோடு பகிர்ந்துகொள்ளக் கோபுரங்களே போதாதா, இணைய அலைபரப்பியைச் சுமந்து பறக்கும் ட்ரோன் எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விடை பெரும்பாலும் கோணத்தில் இருக்கிறது.

3,400 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் செயற்கைக்கோள்கள் நெடுங்காலமாகத் தரைக்கு அலை அனுப்பி வருகின்றன. அதன் சில பகுதிகளில் இப்போது 5ஜியும் இயங்குகிறது. புவியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பதோ 35,786 கிலோமீட்டர் உயரத்தில். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப அலை நலிவதால், இரண்டும் ஒரே திறனில் அலையை வெளியிட்டாலும், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கோபுரத்தின் அலை ஏறத்தாழ 128 கோடி மடங்கு வலுவாக, செயற்கைக்கோளின் அலையை டிஷ் ஆன்டெனாவால் வாங்கும் தரைநிலையத்தை வந்தடைந்து, குறுக்கீடாகி அந்த மெல்லிய அலையை அமுக்கிவிடும்.

ஆனால் டிஷ் எல்லாத் திசைகளையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாதிரிக் கணக்குப்படி, அது நோக்கும் திசையிலிருந்து 10 டிகிரி விலகி நுழையும் அலையைவிட, 48 டிகிரிக்கு அப்பால் நுழையும் அலை 50 மடங்கு குறைவாகவே உள்வாங்கப்படுகிறது. என்னை வியக்கவைப்பது இந்த இடம்தான். அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தை நோக்கும் டிஷ் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் முன்னே ஒரு கிலோமீட்டர் தொலைவில், 120 மீட்டர் உயரத்தில் நிற்கும் ட்ரோன் அடிவானத்துக்கு 7 டிகிரி மேலேதான் தெரியும். டிஷ்ஷின் பார்வைக்கு 33 டிகிரி கீழே. உயரத்தை மாற்றாமல் 143 மீட்டர் தொலைவுக்கு நெருங்கினால், அது நேராக டிஷ்ஷின் கண்ணுக்குள் வந்து நின்றுவிடும். டிஷ்ஷின் முதுகுப்புறம் போய்விட்டாலோ, அத்தனை அருகிலும் பார்வையிலிருந்து 100 டிகிரி விலகியிருக்கும். நட்ட இடத்திலேயே நிற்கும் கோபுரத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை.

பயனாளிகளை நெருங்குவதிலும் ஆதாயம் உண்டு: தடையற்ற வெளியில் தொலைவு நான்கில் ஒரு பங்கானால், தேவைப்படும் திறன் பதினாறில் ஒரு பங்காகிறது. அதற்காக உயர உயரப் பறப்பதும் சரியன்று. கட்டடங்களின் மறைப்பு விலகிப் பயனாளிகளுக்குத் தெரிவது போலவே, ட்ரோன் தரைநிலையத்துக்கும் தெரியத் தொடங்கும். சில மீட்டர் தாழ்ந்து ஒரு மாடியின் பின்னே ஒதுங்குவது சில வேளைகளில் திறனைக் குறைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு.

எந்த மாடி எவ்வளவு மறைக்கும் என்பதைக் கணினி மாதிரிகளால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. ஆகவே ட்ரோன் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிடும் கணினி வழிநிரல்களுக்கு நிதி ஒதுக்குவோர், களத்தில் இறங்கி அளப்பவர்களுக்கும் அதே தாராளத்தைக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறிய ட்ரோன்களின் மின்கலம் பொதுவாக அரைமணி நேரம் தாங்குகிறது. கம்பிவழி மின்சாரம் கொடுத்தால் நெடுநேரம் நிற்கும். ஆனால் நகரும் உரிமை, அதாவது அதன் முதன்மையான பலம், சுருங்கிவிடும். எனவே ஒன்று இறங்கும்போது மற்றொன்று பொறுப்பேற்க வேண்டும். கைமாறும் அந்தச் சில நொடிகளில் இரண்டும் எழுப்பும் குறுக்கீட்டைக் கூட்டித்தான், அது தரைநிலையம் தாங்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும்.