சம்பளக்காரரின் வெளிவேலை: பில்லும் வரியும்

மாதச் சம்பளத்தில் இருக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவர், தெரிந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒரே ஒரு முறை நிரல் எழுதிக் கொடுத்து 60,000 ரூபாய் கேட்கிறார். "பில் அனுப்புங்கள்" என்று பதில் வருகிறது. உடனே அவருக்குத் தோன்றும் கேள்விகள் இரண்டு: கம்பெனி பதிய வேண்டுமா? ஜிஎஸ்டி எண் வாங்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம். சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கவும் கூடாது. வெள்ளைத்தாளில் பெயர், முகவரி, பான் எண், பில் எண், தேதி, செய்த வேலை, தொகை, வங்கிக் கணக்கு விவரம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். முதல் பில்லுக்கு 2025-26/01 என்று எண் கொடுக்கலாம்.

பணம் வரும்போது 60,000 இருக்காது, 54,000தான் இருக்கும். ஒருவருக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் பெயரில் வரவாகியிருக்கிறதா என்பதை, உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வரிதான் பிடித்துவிட்டார்களே" என்று பலர் இத்துடன் விட்டுவிடுகிறார்கள். அந்த 10 சதவீதம் வெறும் முன்பணம். உண்மையான வரியை முடிவு செய்வது உங்கள் சம்பளம் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதுதான்.

2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் இருப்பவரையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம் என்றால், 75,000 நிலையான கழிவு போக 17.25 லட்சம், 20 சதவீத அடுக்கு. செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 60,000-க்கு 12,480 ரூபாய் வரி. டிடிஎஸ் 6,000 போக இன்னும் 6,480 கட்ட வேண்டும். ஆனால் 44ஏடிஏ பிரிவைப் பயன்படுத்தினால் வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டலாம். செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை. அப்போது வரி 6,240, பாக்கி வெறும் 240 ரூபாய். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தகவல் தொழில்நுட்பத் துறையினர் என்று குறிப்பிட்ட சில தொழில்களுக்கே இந்தச் சலுகை. மற்றவர்கள் அந்த வேலைக்கென்றே செய்த செலவைத்தான் கழிக்க முடியும். ரசீதுகளை எடுத்து வைக்க வேண்டும்.

சிக்கலில் மாட்டுபவர் 12.75 லட்சம் சம்பளக்காரர். கழிவு போக அவருடைய வருமானம் சரியாக 12 லட்சம். 12 லட்சம் வரை வருமானத்துக்குக் கிடைக்கும் 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். அதே 60,000 ரூபாய் வேலையை இவர் செய்தால், 44ஏடிஏ-யில் 30,000 மட்டும் காட்டினாலும் தள்ளுபடி போய்விடும். விளிம்பு நிவாரணம் என்ற ஏற்பாட்டின்படி, 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது. அதனால் வரி 30,000, செஸ் 1,200. முழு 60,000-ஐயும் லாபமாகக் காட்டினாலோ வரி 62,400 ரூபாய்! உழைத்த கூலிக்கு மேலேயே 2,400 கைக்காசு போகும். இந்த விளிம்பில் நிற்பவர்கள் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. முடிந்தால் பில்லை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் வேலை மார்ச்சுக்குள் முடியாமல் இருந்தால் மட்டும்.

பாக்கி வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரி, அதாவது நிதியாண்டு முடியும் முன்பே வரி, கட்ட வேண்டும். 44ஏடிஏ-காரர்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15. தவறினால் வட்டி ஏறும்.

சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவமான ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. 44ஏடிஏ என்றால் ஐடிஆர்-4, மற்றபடி தொழில் வருமானத்துக்கு ஐடிஆர்-3. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சம்பளம் மட்டும் இருந்தால் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் பழைய முறைக்குப் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். பிறகு புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்பலாம்.

மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 1.4.2026 முதல் வரும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் எண்கள் வேறு.

முன்கூட்டிய வரித் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வெளி வருமானத்தை உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்தால், அதற்கான வரியையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும்! வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று நியமன ஆணையை முதலில் படியுங்கள். மத்திய அரசு ஊழியர்களாக இருந்தால், 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15-ஆம் விதிப்படி முன்அனுமதி இல்லாமல் வேறு தொழிலோ வேலையோ பார்க்கக் கூடாது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.