நிமிடத்துக்கு 6 மில்லிமீட்டர்: மூக்குக்குள் சளி எப்படி நகர்கிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கார்த்திகை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் மாற்றி மாற்றி எல்லோருக்கும் சளி. பெரியவன் தேறினால் சின்னவளுக்கு, அவள் தேறினால் மாமியாருக்கு. சளியை உடனே நிறுத்த நல்ல மாத்திரை எது? பனியில் போகாமல் இருந்தால் வராதா?"

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சளியை நிறுத்தும் வழியைத் தேடாதீர்கள். சளி தேங்குவதுதான் தொல்லை, ஓடிக்கொண்டிருப்பது நல்லது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஜலதோஷத்தைக் கொண்டுவருபவை வைரஸ்கள். 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் ரைனோ வைரஸ் மட்டுமே 160 வகைக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் ஒருமுறை வந்து போன சளி மறுபடியும் வருகிறது. ஃப்ளூ என்பது வேறு. அது இன்ஃப்ளூயன்சா வைரஸின் வேலை. ஜலதோஷம் தொண்டைக் கரகரப்பு, தும்மல் என்று மெல்லத் தொடங்கும். ஃப்ளூ அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்தவரை மாலைக்குள் காய்ச்சலும் உடம்புவலியுமாகப் படுக்க வைத்துவிடும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. இந்த வைரஸ்கள் எதையும் அது தொடாது.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, மூக்கின் உள்ளே, முன்பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி வைப்பார்கள். தும்மாமல், உறிஞ்சாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் இனிப்புத் தெரியும். ஆரோக்கியமான ஆளுக்குப் பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள். அரைமணி நேரம் தாண்டினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் அந்தத் துணுக்கு மூக்கிலிருந்து தொண்டைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டுபோனது எது?

மூக்கின் உட்சுவரில் உள்ள பெரும்பாலான செல்களின் தலையில், செல்லுக்குச் சுமார் 200 நுண்மயிர்கள் நிற்கின்றன. சிலியா என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை 150 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மயிரின் உயரம். மயிர்களைச் சுற்றி நீர்த்த திரவம் ஒரு படலமாக நிற்கிறது. அதற்கு மேலே, மயிர் நுனிகளில் பட்டும் படாமலும், கெட்டியான சளிப்படலம். நாம் மூச்சில் இழுக்கும் தூசி, மகரந்தம், கிருமி எல்லாம் அந்த மேல்படலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மயிர் ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறையாவது அடிக்கிறது. அடிக்கும் விதம்தான் அழகு. முன்னே தள்ளும்போது மயிர் நிமிர்ந்து விறைத்து நிற்கும். நுனி சளிப்படலத்தைக் கொக்கிபோல் பற்றித் தொண்டைப் பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது அதே மயிர் வளைந்து, தாழ்ந்து, அடியில் இருக்கும் நீர்த்த திரவத்துக்குள்ளேயே நழுவிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். வரும் வழியில் சளியைத் தொடாது. தொட்டால் தள்ளியது முழுவதும் பின்னாலேயே இழுபட்டு வந்துவிடும் அல்லவா? இன்னொன்று, எல்லா மயிர்களும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. ஒன்றுக்கு அடுத்தது ஒரு கணம் தாமதமாக அடிக்கும். கதிர் விட்ட கேழ்வரகு வயல் மேல் காற்று போகும்போது அலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி மூக்குக்குள் அலை ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படிச் சளிப்படலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைக்கு நகர்ந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்படுகிறது. அதோடு போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் முடித்துவிடும். நுரையீரலின் காற்றுக்குழாய்களிலும் இதே ஏற்பாடுதான். அங்கே அலை கீழிருந்து மேல்நோக்கி ஓடும்.

ஒரு மயிரைக் குறுக்கே வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், வட்டமாக ஒன்பது ஜோடிக் குழல்களும் நடுவே இரண்டு குழல்களும் தெரியும். அந்த ஜோடிகளை ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வைத்து மயிரை அடிக்கச் செய்வது டைனின் என்ற புரதம். 1976-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் அஃப்சேலியஸ் ஒரு வியப்பான தொடர்பைக் கண்டார். விந்தணு நீந்தாததால் குழந்தையில்லாமல் இருந்த சில ஆண்களுக்குச் சிறுவயதிலிருந்தே ஓயாத சளி, இருமல். அவர்களில் சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது! விந்தணுவின் வாலும் மூக்கின் மயிரும் ஒரே அமைப்பு. டைனின் பழுதானால் இரண்டும் நின்றுவிடும். அது புரிகிறது. இதயம் ஏன் இடம் மாறியது? கரு மிகச் சிறிதாக இருக்கும்போது அதில் ஒரு சிறு குழி உண்டு. அங்குள்ள மயிர்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் ஓட்டுகின்றன. எது இடம், எது வலம் என்று உடம்பு தெரிந்துகொள்வது அந்த ஓட்டத்தை வைத்துத்தான். எலிக்கருவில் இதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். மயிர்கள் அசையாவிட்டால் இதயம் எந்தப் பக்கம் என்பது தற்செயலாகத் தீர்மானமாகிறது. அதனால் இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் பக்கம் மாறி இருக்கின்றன. சளியைப் பற்றிப் படிக்கப் போய் இதயத்தின் இடத்தில் வந்து நிற்கிறோம். உயிரியலில் இதைவிட மகிழ்ச்சியான திருப்பம் எனக்குத் தெரியாது.

சளியும் வெறும் பசை அல்ல. அதில் மியூசின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மேலெல்லாம் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை. இன்ஃப்ளூயன்சா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வதும் அதே சியாலிக் அமிலத்தைத்தான். ஆகவே செல் என்று நினைத்துச் சளியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வைரஸும் சும்மா இருப்பதில்லை. நியூராமினிடேஸ் என்ற நொதியால் அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்டு முன்னேறப் பார்க்கிறது. அது வெட்டி முடிப்பதற்குள் சளி தொண்டையைத் தாண்டிவிட்டால் நாம் தப்பித்தோம். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் தடுப்பதும் இந்த நொதியைத்தான். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் நல்ல பலன் கிடைக்கும்.

இப்போது பனிக்கு வருவோம். வைரஸ் இல்லாமல் பனி மட்டும் சளியைக் கொடுக்காது. ஆனால் "பனிக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லை" என்று படித்தவர்கள் சொல்வதும் சரியல்ல. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் பத்தடி தூரத்தில் இருப்பவர் தெரியமாட்டார். அவ்வளவு ஈரமான காற்று மூக்கை உலர்த்துமா என்று தோன்றும். கணக்குப் பார்க்கலாம். 15 டிகிரி காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கனமீட்டரில் சுமார் 13 கிராம் நீராவிதான் தாங்கும். கண்ணுக்குத் தெரியும் பனித்துளிகளில் இருப்பது பெரும்பாலும் அரைக் கிராமுக்கும் குறைவு. நுரையீரலுக்குப் போகும் காற்றோ 37 டிகிரியில் 44 கிராம் நீராவியோடு இருக்க வேண்டும். மீதி 30 கிராமையும் மூக்கும் தொண்டையும்தான் கொடுத்தாக வேண்டும். மூச்சு வெளியே வரும்போது அதில் ஒரு பகுதி மூக்கிலேயே திரும்பப் படிகிறது (பனியில் நடந்தால் சளி இல்லாமலே மூக்கு ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்). ஆனாலும் நிகரமாக நீர் இழப்புத்தான். சளி கெட்டிப்படும், மயிர்கள் திணறும், வேகம் குறையும். போதாததற்கு, குளிர்ந்த மூக்கில் எதிர்ப்பும் குறைகிறது. 33 டிகிரியில் வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் சமிக்ஞை 37 டிகிரியில் இருப்பதைவிட மந்தமாக இருக்கிறது, அதனால் ரைனோ வைரஸ் அங்கே செழிக்கிறது என்று 2015-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் எலியின் மூச்சுப்பாதைச் செல்களில் காட்டினார்கள். ஆக, விடியற்காலையில் பால் கறக்கப் போகிறவரும் பூப் பறிக்கப் போகிறவரும் மூக்கையும் வாயையும் துண்டால் சுற்றிக்கொள்வது அறிவான பழக்கம். துணிக்குள் வெதுவெதுப்பும் ஈரமும் தங்கும்.

சமையலறை வைத்தியத்தில் எது உதவும்? 1978-இல் அமெரிக்காவில் 15 பேரின் மூக்கில் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். வெந்நீரை உறிஞ்சிக் குடித்தபோது நிமிடத்துக்கு 6.2 மில்லிமீட்டரிலிருந்து 8.4 ஆனது. கோழி சூப்புக்கு 6.9-இலிருந்து 9.2. குளிர்ந்த நீருக்கு 7.3-இலிருந்து 4.5-ஆகக் குறைந்தது. வெந்நீரை உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தால் பலன் அந்த அளவுக்கு இல்லை. ஆக, மூக்கில் ஏறும் ஆவிக்கும் இதில் பங்கு உண்டு. கூடிய வேகம் அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. எனவே கொள்ளு ரசத்தையோ நாட்டுக்கோழி ரசத்தையோ டம்ளரில் சூடாக ஊற்றி, மூக்கருகே பிடித்து, ஊதி ஊதி, நாளில் பலமுறை குடிப்பது நல்ல யோசனை. ஆனால் கொதிக்கும் சட்டியின் மேல் போர்வை போர்த்திக் குழந்தையை ஆவி பிடிக்க வைக்க வேண்டாம். சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து பெரிது. சளி சீக்கிரம் தீரும் என்பதற்கும் திடமான சான்று இல்லை.

இதுபோன்ற சோதனையைக் கொள்ளு ரசத்துக்கு நம் ஊரிலேயே செய்யலாம். தேவை கொஞ்சம் சாக்கரின், ஒரு கடிகாரம், நூறு பேர், ஒழுங்காகக் குறிப்பெடுக்கும் மாணவர்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம்தான். அதில் இப்படிப்பட்ட சிறிய, மலிவான, நம் மண்ணுக்கே உரிய கேள்விகளுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். பாட்டி சொன்னாள் என்று அப்படியே நம்புவதும், பாட்டி சொன்னாள் என்பதற்காகவே ஒதுக்குவதும் ஒரே சோம்பேறித்தனம்.

அளந்து பார்த்தால் விட்டுவிட வேண்டிய பழக்கங்களும் தெரியும். குளிப்பாட்டியதும் பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். எந்தப் புகையும் அந்த நுண்மயிர்களுக்குக் கேடு. விறகடுப்பும் பீடியும் அப்படித்தான். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். தைலம் தடவினால் மூக்கு திறந்ததுபோல் இருப்பது உணர்வு மட்டும்தான். மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அடைப்பு அப்படியே இருக்கும். பால் குடித்தால் சளி கட்டும் என்ற பயத்தையும் விடலாம். 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 பேருக்கு ரைனோ வைரஸைக் கொடுத்துக் கவனித்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை. சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறு. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் இரும்பு கொண்ட ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. "ஊசி போட்டால்தான் போகும்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதைத் தாயத்து கட்டுவதோடு ஒன்றாகவே வைக்கிறேன். தாயத்தாவது பாக்டீரியாவுக்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிக் கொடுப்பதில்லை.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 66 பேரிடம் செய்து 2019-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் உப்புநீரால் மூக்கு கழுவி, தொண்டை கொப்பளித்தவர்களுக்கு ஜலதோஷம் ஏறத்தாழ இரண்டு நாள் முன்பே தீர்ந்தது. தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வைத்து ஆற்றித்தான் பயன்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேராக மூக்குக்குள் போனால் மூளையைத் தின்னும் அமீபாவுக்கு வழியாகலாம்.

வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதைக் குறைக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லோரும் ஒரே அறையில் மூடிப் படுப்பதால்தான் அது ஒரு சுற்று சுற்றி வருகிறது. மூக்கைச் சிந்தினால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி வைரஸ் மாறுவதால் ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியது. பலன் தர இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் ஐப்பசி மழையோடு ஃப்ளூ ஏறுவதால் புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மாமியாருக்கு இது முக்கியம்.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் போதும். இது டெங்குவும் உலவும் காலம், முதல் நாளில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், அதற்குக் கீழே கூடாது. ஃப்ளூ தீர்ந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் இருமல் நீடித்தால் பதற வேண்டாம். வைரஸ் அழித்த மயிர்செல்கள் மறுபடி முளைத்து அடிக்கத் தொடங்கும்வரை இருமல்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. ஆனாலும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சின்னவளுக்குச் சளி வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவள் அழாமல் அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40, அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.