நாண்டியில் வெயில், சுவாவில் மழை

பிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து நாண்டிக்கு, தெற்குக் கரையோரமாகப் போகும் குயின்ஸ் ரோடு வழியே 190 கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் நாலு மணி நேரம் ஆகலாம். ஜூலை மாதத்தில் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது தூறல், சுவரெல்லாம் பாசி, சாலையோரம் ஆளுயரப் பெரணிச் செடிகள். சிங்கடோக்கா என்ற ஊரை நெருங்கும்போது காடு மெலிகிறது. நாண்டி வந்து சேரும்போது குன்றுகள் காய்ந்த புல்லோடு பழுப்பு நிறத்தில் நிற்கின்றன. வெயில் கண்ணைக் கூசுகிறது. இந்த மேற்குப் பக்கத்தை பிஜி மொழியில் 'தலசிங்கா' என்பார்கள். வெயிலில் காய்ந்த நிலம் என்று பொருள்.

(ஆங்கில எழுத்தைப் பார்த்தால் இந்த ஊரை 'நாடி' என்றுதான் படிக்கத் தோன்றும். ஆனால் பிஜி மொழியில் அந்த 'டி'க்கு முன்னால் ஒரு மூக்கொலி உண்டு. ஊர்க்காரர்கள் வாயில் அது நாண்டி.)

ஒரே தீவு, ஒரே நாள். அப்படியும் இரண்டு வானிலை.

பிஜி 300க்கும் மேற்பட்ட தீவுகளின் நாடு. அதில் பெரியது விட்டிலெவு. சுவாவும் நாண்டியும் அதன் இரு பக்கங்களில் இருக்கின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 18 டிகிரியில் இருப்பதால் பிப்ரவரியில் புழுக்கம், ஜூலையில் இதமான குளிர்ச்சி. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் நாலு டிகிரி அளவுதான். வெப்பத்தை வைத்து அங்கே பருவம் பிரிக்க முடியாது, மழையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுவாவில் குடையில்லாமல் இந்த 'வறண்ட' காலத்தைத் தாண்ட முடியாது.

காரணம் தென்கிழக்கிலிருந்து விடாமல் வீசும் வியாபாரக் காற்று (trade wind). ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் மீது ஈரத்தை வாரிக்கொண்டு வரும் இந்தக் காற்று முதலில் மோதுவது சுவா இருக்கும் பக்கத்தில். நடுவில் மலைத்தொடர். அதன் உச்சி தோமானிவி, 1,324 மீட்டர். இமயத்தோடு ஒப்பிட்டால் மேடுதான், ஆனால் காற்றுக்கு இதுவே போதும்.

ஒரு பொட்டலம் காற்றைப் பின்தொடர்ந்து பார்ப்போம். கடல் மட்டத்தில் அதன் வெப்பம் 26 டிகிரி. மலை அதை மேலே தள்ளுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம். 600 மீட்டரில் 20 டிகிரி. அங்கே ஈரம் நீர்த்துளியாகி மேகம் கட்டுகிறது என்று கொள்வோம். நீராவி நீராகும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். அதனால் இதற்கு மேல் குளிர்வது பாதி வேகத்தில்தான். 1,200 மீட்டரை எட்டும்போது 17 டிகிரி. வழியில் தண்ணீரை மழையாகக் கொட்டியாயிற்று. இப்போது மறுபக்கம் இறங்குகிறது. மறுபடி ஆவியாவதற்கு மேகத்துளி மிச்சமில்லாததால் இறங்கும்போது 100 மீட்டருக்கு முழுசாக ஒரு டிகிரி சூடேறும். கீழே வந்து சேரும்போது 29 டிகிரி. புறப்பட்டதைவிட மூன்று டிகிரி அதிகம், ஈரமும் குறைவு. சுவாவில் நனைத்த அதே காற்றுதான் நாண்டியில் துணி காயவைக்கிறது. ஆண்டுக்கு சுவாவில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, நாண்டியில் 1,900க்குள்.

இதுவரை பள்ளிப் பாடம். சுவாரசியம் மாதவாரிக் கணக்கில்தான் இருக்கிறது. ஜூலையில் சுவாவுக்கு 140 மில்லிமீட்டர் போல மழை, நாண்டிக்கு 50ஐ எட்டுவதே பாடு. மார்ச்சிலோ இரண்டு ஊரிலுமே 300ஐத் தாண்டிவிடுகிறது. மலை நகர்ந்துவிடவில்லையே, அப்புறம் எப்படி?

ஜூலையில் வானத்துக்கு ஒரு மூடி இருக்கிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே காற்று கீழ்நோக்கி அமுங்கிச் சூடாகிக் கிடக்கும். கீழிருந்து எழும் மேகம் அந்தச் சூடான அடுக்கில் முட்டி நின்றுவிடும். குட்டை மேகம் தானாகப் பெரிதாகப் பெய்யாது, யாராவது பிழிந்தால்தான் மழை. பிழிகிற வேலையை மலை செய்கிறது, அதுவும் காற்று ஏறும் பக்கத்தில் மட்டும்.

மழைக்காலத்தில் அந்த மூடி விலகும். சாலமன் தீவுகள் பக்கத்திலிருந்து தென்கிழக்காக சமோவா, குக் தீவுகள் திசையில் ஒரு நீண்ட மேகப்பட்டை உண்டு. வெவ்வேறு திசையிலிருந்து வரும் காற்றுகள் சந்தித்து, வேறு வழியில்லாமல் மேலே கிளம்பும் இடம் அது. தென் பசிபிக் குவிமண்டலம் என்பார்கள். நவம்பருக்கு மேல் இது வலுத்து பிஜியை ஒட்டி வந்து படுக்கும். மேகங்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வளரும். அவ்வளவு உயர்ந்த மேகத்துக்கு மலையின் தயவு தேவையில்லை, இரு பக்கமும் கொட்டும். போதாததற்கு, நாண்டிப் பக்கம் பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து ஏறி வியாபாரக் காற்றோடு முட்டிக்கொள்ளும். பிற்பகலில் இடி மின்னல்தான்.

இதையெல்லாம் வானிலை வரைபடம் பார்க்காமலே சர்க்கரை ஆலைகளை வைத்துச் சொல்லிவிடலாம். கரும்பு ஒரு விசித்திரமான பயிர். வளர மழை வேண்டும், ஆனால் இனிப்பு ஏற வறட்சி வேண்டும். தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது சர்க்கரையைச் சேமிக்காமல் இலையும் தண்டுமாக வளர்வதிலேயே செலவழித்துவிடும். காலனியக் காலத்துச் சர்க்கரைக் கம்பெனி ஒன்று 1882ல் தன் ஆலையை ஈரமான கிழக்கில், சுவாவுக்குப் பக்கத்து நௌசோரியில் தொடங்கியது. 1959ல் அதை மூடிவிட்டார்கள். நிலைத்த ஆலைகள் மேற்கே பா, லௌடோக்கா, பக்கத்துத் தீவின் காய்ந்த பக்கத்தில் லம்பாசா. லௌடோக்கா ஆலை 1903ல் வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாக பிஜிக்குக் கப்பலேறத் தொடங்கியதும் அதே ஆண்டில். அவர்களில் பெரும்பகுதி இந்தக் கரும்பு நிலத்தில் வேலை செய்தார்கள். நாண்டியில் இன்று பெரிய முருகன் கோயில் இருப்பதற்கு மழை மறைவும் (மலைக்கு மறுபக்கம் மழை குறைவதும்) ஒரு காரணம் என்று சொன்னால் அது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல.

சரி, அந்த மேகப்பட்டை வராமல் போனால்? எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே நகரும். மேகப்பட்டையும் வடகிழக்காக விலகிப் போகும். பிஜிக்கு மழைக்காலமே பாதியாகக் கரைந்துவிடும். சுவாவுக்கு அப்போதும் மலை பிழியும் தண்ணீர் கொஞ்சமாவது கிடைக்கும். மேற்குக்கு அந்த ஆறு மாத மழையை விட்டால் வேறு வரவு இல்லை. 1997-98ல் மேற்கே குடிநீரைக் கொண்டுபோய் விநியோகிக்க வேண்டியிருந்தது, கரும்பும் கருகியது.

எல் நினோ என்றால் புயல் பயம் குறையும் என்றும் நம்ப முடியாது. 2015-16ல் எல் நினோ உச்சத்தில் இருந்தது. அந்தப் பிப்ரவரியில் வின்ஸ்டன் என்ற புயல் டோங்கா வரை கிழக்கே போய், அங்கிருந்து திரும்பி, வலுவேறிக்கொண்டே பிஜியை நோக்கி வந்தது. பிப்ரவரி 20ஆம் தேதி, மணிக்கு 280 கிலோமீட்டர் அளவு காற்றோடு அது கோரோ தீவைக் கடந்து விட்டிலெவுவின் வடகரையில் ஏறியது. தெற்கு அரைக்கோளத்தில் கரையேறியதாகப் பதிவான புயல்களில் இதைவிட வலியது கிடையாது. 44 பேர் இறந்தார்கள். புயலுக்கு பிஜி மொழியில் 'தாங்கிலம்பா' என்று பெயர், கொலைக்காற்று.

அது கரையேறிய இடத்துக்கு அருகே, ராக்கிராக்கியில், பெனாங் என்ற சர்க்கரை ஆலை இருந்தது. புயல் சிதைத்த பிறகு அதை மறுபடி ஓட்டவில்லை. அந்த வட்டாரக் கரும்பு அதற்கப்புறம் லாரி ஏறி, மேற்கே பா ஆலைக்குப் போகத் தொடங்கியது.