மத உரிமை பறிக்கப்பட்டால் ஜெனீவாவில் முறையிட முடியுமா?

“தேவைப்பட்டால் ஐ.நா. சபை வரை போவோம்” என்பது நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் வசனம். மதத் தகராறு என்றால் கட்டாயம் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உண்மையிலேயே போக முடியும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இந்தியருக்கு உள்ள வழி வேறு, இலங்கையருக்கு உள்ள வழி வேறு. போனால் என்ன கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, 1966-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை. இந்தியா 1979-இலும் இலங்கை 1980-இலும் இதில் இணைந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் இன்றுவரை இணையவில்லை. இதன் 18-ஆம் பிரிவுதான் மத சுதந்திரத்தைப் பேசுகிறது. ஒருவர் மனதுக்குள் எதை நம்புகிறார் என்பதில் அரசு தலையிடவே கூடாது. விரும்பிய மதத்தை ஏற்கலாம், எதையும் நம்பாமலும் இருக்கலாம். நாத்திகருக்கும் இதே பாதுகாப்பு உண்டு என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 1993-இல் வெளியிட்ட விளக்கக் குறிப்பு சொல்கிறது. நாட்டில் அவசரநிலை அறிவித்தாலும் இந்தப் பிரிவை நிறுத்திவைக்க முடியாது.

நம்பிக்கை வெளியே வரும்போதுதான் கட்டுப்பாடு வருகிறது. வழிபாடு, உடை, ஊர்வலம், அடக்கம், போதனை ஆகியவற்றை அரசு கட்டுப்படுத்தலாம். அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறரது உரிமை ஆகியவற்றில் ஒன்றைக் காக்க அது அவசியமானதாகவும் இருக்க வேண்டும். தேசப் பாதுகாப்பு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

“அவசியம்” என்ற நிபந்தனை எவ்வளவு முக்கியமானது என்பதைக் கொரோனா காலத்து இலங்கை காட்டியது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்தவர்களின் உடல்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசு வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவித்தது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொல்லப்பட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அப்போதே சொல்லியிருந்தது. உடலை எரிப்பது முஸ்லிம்களின் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கு (இலங்கையின் உச்ச நீதிமன்றம் இதுதான்) போன மனுக்கள் 2020 டிசம்பரில் முழு விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. அதே மாதம், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடல் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. ஐ.நா. நியமித்த தனி நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்கள் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள், 2021 ஜனவரியில் பகிரங்கமாகவும் கண்டித்தார்கள். பிப்ரவரி கடைசியில் தடை நீங்கியது; மார்ச் முதல் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் (முஸ்லிம்களின் உடல்கள்) அடக்கம் செய்யப்பட்டன. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த நேரம் அது, பாகிஸ்தான் பிரதமர் கொழும்பு வந்து திரும்பிய வாரமும் கூட. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2024-இல் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது.

முறையிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனித உரிமைகள் குழு. 18 நிபுணர்கள் கொண்ட இந்தக் குழு வேறு, நாடுகள் உட்கார்ந்து தீர்மானம் போடும் மனித உரிமைகள் பேரவை வேறு. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகின்றன. தனிநபர் புகாரை இந்தக் குழு ஏற்க வேண்டுமானால், அந்த நாடு உடன்படிக்கையோடு சேர்ந்த விருப்ப நெறிமுறையிலும் இணைந்திருக்க வேண்டும். இலங்கை 1997-இல் இணைந்தது. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, ஆஸ்திரேலியாவும் இருக்கின்றன. இந்தியா இல்லை, பிரிட்டனும் அமெரிக்காவும் இல்லை. குழு கூடும் ஜெனீவா இருக்கிற சுவிட்சர்லாந்தே இல்லை என்பது இதில் வேடிக்கை.

புகார் கொடுக்க முதல் நிபந்தனை, உள்நாட்டு நீதிமன்றப் படிகளை எல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும். வழக்கு நியாயமற்ற அளவுக்கு இழுத்தடிக்கப்பட்டால் விலக்கு கேட்கலாம். இறுதித் தீர்ப்பு வந்து 5 ஆண்டுகளுக்குள் அனுப்புவது நல்லது, அதற்கு மேல் போனால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். இதே விஷயம் வேறொரு சர்வதேச அமைப்பின் விசாரணையில் இருக்கக் கூடாது. பெயரில்லாமல் எழுத முடியாது. ஆனால் வெளியிடும்போது பெயரை மறைக்கும்படி கேட்கலாம். தமிழில் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். தீர்ப்பு, காவல் நிலையப் பதிவு, அரசாணை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். பதில் சொல்ல அரசுக்கு 6 மாத அவகாசம் உண்டு. முடிவு வரப் பல ஆண்டுகள் ஆகும். நாடு கடத்தல்போலத் திரும்பப் பெற முடியாத தீங்கு உடனே நேரக்கூடும் என்றால், முடிவு வரும்வரை அதை நிறுத்திவைக்கும்படி அரசைக் கேட்கக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது.

இலங்கையிலிருந்து போன ஒரு வழக்கைச் சொல்லலாம். திருச்சிலுவை சபை அருட்சகோதரிகள் தங்கள் சபையைச் சட்டப்படி பதிவுசெய்ய 2003-இல் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரச் செய்தார்கள். தனிநபர் ஒருவர் ஆட்சேபித்தார். கிறிஸ்தவத்தைப் பரப்புவது பௌத்த சாசனத்தின் இருப்பையே பாதிக்கும், மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சகோதரிகள் தரப்பை நீதிமன்றம் கேட்கவே இல்லை. ஒரு சகோதரியும் அவருடன் 80 பேரும் சேர்ந்து ஜெனீவாவுக்கு எழுதினார்கள். 18-ஆம் பிரிவு மீறப்பட்டது, இதே போன்ற நோக்கமுள்ள வேறு மத அமைப்புகளுக்குப் பதிவு கொடுத்துவிட்டு இவர்களுக்கு மறுத்தது பாகுபாடு என்று 2005 அக்டோபரில் குழு முடிவு சொன்னது.

முடிவு வந்ததே தவிர, பலன்? சிங்கராசா என்பவரின் வேறொரு வழக்கில், 1997-இல் ஜனாதிபதி விருப்ப நெறிமுறையில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006-இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெனீவா சொல்வது கொழும்பு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது இதன் பொருள். ஆனாலும் நெறிமுறையிலிருந்து இலங்கை விலகவில்லை. புகார் இன்றும் அனுப்பலாம்.

அப்படியானால் வீண் வேலைதானா என்றால், தென் கொரியாவைப் பார்க்க வேண்டும். கட்டாய ராணுவ சேவையில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்ற, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இருவரின் புகாரில் 2006-இல் குழு அவர்கள் பக்கம் நின்றது. அரசு அசையவில்லை. அதே போன்ற புகார்கள் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தன. 2018-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே மாற்றுச் சேவைக்கு இடமளிக்கும்படி உத்தரவிட்டது; 2020 முதல் சிறைச்சாலைகளில் 36 மாத மாற்றுப்பணி நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸ் இதற்கு நேர் எதிர். சீக்கிய மாணவரைத் தலைப்பாகைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 2012-இலும், முகத்திரைத் தடை தவறு என்று 2018-இலும் குழு சொல்லியும் அந்தச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது வழி, மத சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர். 1986-இல் உருவான பதவி, 2022 முதல் நசிலா கானியா வகிக்கிறார். இந்தியருக்கும் மலேசியருக்கும் பயன்படுவது இந்த வழிதான், ஏனென்றால் நாடு எந்த உடன்படிக்கையிலும் இணைந்திருக்கத் தேவையில்லை. நீதிமன்றம் போய் முடித்திருக்கவும் வேண்டாம், சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதலாம். அறிக்கையாளர் தண்டனையோ இழப்பீடோ வாங்கித் தரமாட்டார். அரசிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவார். வழக்கமாக 60 நாளுக்குப் பிறகு அந்தக் கடிதமும், பதில் வந்திருந்தால் அதுவும் பொதுவில் வெளியாகும். அரசு அழைத்தால் நேரிலும் வருவார். 2008-இல் இந்தியா வந்த அப்போதைய அறிக்கையாளர் அஸ்மா ஜஹாங்கீர், மதமாற்றத் தடைச் சட்டங்களை விமர்சித்ததோடு, பட்டியல் சாதி அந்தஸ்தை மதத்தோடு முடிச்சுப்போடக் கூடாது என்றும் பரிந்துரைத்தார். தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருவதும் இதையே.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் மனிதருக்கு, மதத்துக்கு அல்ல. என் கடவுளைக் கேலி செய்தான் என்று ஜெனீவாவில் புகார் கொடுக்க முடியாது. மத நிந்தனையைத் தடுக்கக் கோரும் தீர்மானங்களை 1999 முதல் பாகிஸ்தானும் இஸ்லாமிய நாடுகளும் கொண்டுவந்தன. 2011-இல் பேரவையின் 16/18 தீர்மானத்தோடு அது மாறியது: மதத்தின் மானத்தை விட்டு, நம்பிக்கையின் பேரில் மனிதர்கள் ஒதுக்கப்படுவதையும் தாக்கப்படுவதையும் தடுப்பது என்று பேசி எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு மதவெறியைத் தூண்டும் பேச்சைத் தடைசெய்யச் சொல்கிறது. ஆனால் வன்முறை, பகைமை, பாகுபாடு ஆகியவற்றைத் தூண்டும் அளவுக்கு அது போயிருக்க வேண்டும். பேசியவர் யார், நோக்கம் என்ன, சூழல் என்ன, எவ்வளவு பேரை எட்டியது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2012-இல் மொராக்கோ தலைநகர் ரபாத்தில் ஐ.நா. நிபுணர்கள் வகுத்த அளவுகோல் சொல்கிறது.

இந்த அளவுகோலை மறந்தால் என்ன ஆகும்? உடன்படிக்கையின் பெயரிலேயே இலங்கை 2007-இல் ஒரு சட்டம் இயற்றியது. தண்டனை 10 ஆண்டு வரை. அப்போதைய விதிப்படி, உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள மேல் நீதிமன்றம்தான் பிணை தர முடிந்தது. 2019-இல் அந்தச் சட்டத்தின் கீழ், பிக்குகளைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியதற்காக சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். முஸ்லிம்களின் கடைகளைக் கொளுத்தத் தூண்டியவர்கள்மீது அதே வேகம் காட்டப்படவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

மத சுதந்திரத்தை மோசமாக மீறுவதாக அமெரிக்கா வெளியிடும் “கவலைக்குரிய நாடுகள்” பட்டியலையும் சிலர் ஐ.நா. அறிக்கை என்று நினைக்கிறார்கள். அது 1998-இல் அந்நாடு இயற்றிய சட்டத்தின்படி நடப்பது, வெளியுறவுக் கணக்கும் அதில் கலந்திருக்கும். சவூதி அரேபியா பட்டியலில் இருந்தபடியே நடவடிக்கையிலிருந்து விலக்கு பெற்றுவருகிறது. தனிநபர் மனுவுக்கு அங்கே இடமில்லை.

சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதுவதானால் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலக இணையதளத்தில் படிவம் இருக்கிறது. யார், எங்கே, எந்தத் தேதியில், எந்த அதிகாரி என்பதே முதலில் வர வேண்டும். ஆவேசமான முன்னுரை வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவர் எழுதினால் அவரது சம்மதம் தேவை. அரசுக்குப் போகும் கடிதத்தில் அவர் பெயர் இடம்பெறலாமா என்று படிவத்தில் கேட்பார்கள். ஊரில் அவருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை அவரோடு பேசி முடிவு செய்த பிறகே அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.