கடற்புல்: சொல் விளக்கம்

கடலுக்கடியில் வேர்விட்டு, பூத்து, விதைவிடும் தாவரம் கடற்புல். ஆங்கிலத்தில் ‘சீகிராஸ்’ என்பார்கள். உலகில் சுமார் 70 இனங்கள் உண்டு.

இதைக் ‘கடற்பாசி’ என்று எழுதுவது தவறு. பாசிக்கு உண்மையான வேரும் இல்லை, பூவும் இல்லை. பாறையையோ சிப்பியையோ பற்றிக்கொண்டு, நீரிலிருந்தே சத்தை எடுத்துக்கொள்ளும். கடற்புல் அப்படியல்ல. மண்ணுக்குள் தண்டைப் படுக்கையாக ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேர் இறக்கும். பெரும்பாலான இனங்களில் மகரந்தச் சேர்க்கையும் நீருக்குள்ளேயே நடக்கும். சோஸ்டெரா என்ற பேரினத்தில் மகரந்தம் உருண்டையாக இருக்காது, நூல்போல நீண்டிருக்கும். நீரோட்டத்தோடு வந்து சூல்முடியில் சிக்கிக்கொள்ள அதுதான் தோது.

சரி, ‘புல்’ என்பது பொருந்துமா? நெல்லும் அறுகும் இருக்கும் குடும்பத்தில் கடற்புல் இல்லை. அதனால் ஆங்கிலப் பெயரைக் குறை சொல்வோர் உண்டு. தமிழில் அந்தக் குறை அவ்வளவாக ஒட்டாது. “புறக்காழனவே புல்லென மொழிப” என்கிறது தொல்காப்பிய மரபியல். வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல், உட்புறம் வயிரம் பாய்ந்தவை மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும்கூடப் புல்தான். இன்று ஒருவித்திலைத் தாவரம் என்று நாம் பிரிக்கும் கூட்டத்தோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது. கடற்புல்லும் ஒருவித்திலைத் தாவரமே. அதன் தண்டில் வயிரம் இல்லை என்பதால் நூற்பா எழுத்துக்கு எழுத்து பொருந்தாதுதான். ஆனாலும் ‘புல்’ தமிழில் எப்போதுமே அகன்ற சொல், தயங்காமல் ஆளலாம்.

பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் இதைத் ‘தாழை’, ‘கடல்தாழை’ என்பார்கள். அழகான சொல். ஆனால் கரையில் நிற்கும் தாழம்புதரோடு குழம்பும் என்பதால், பொதுப்பெயராகக் கடற்புல்லையே நான் பரிந்துரைப்பேன்.

இனி ஓர் இனத்தின் பெயரைப் பார்ப்போம்: சோஸ்டெரா காப்பென்சிஸ். ‘சோஸ்டெர்’ என்றால் கிரேக்கத்தில் இடைக்கச்சை. நாடாபோன்ற இலையை வைத்து வந்த பெயர் அது. ‘காப்பென்சிஸ்’ என்றால் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது. ‘கேப் கச்சைப்புல்’ என்று தமிழில் சொல்லலாம். கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை, பெரும்பாலும் கழிமுகங்களிலும் காயல்களிலும் வளர்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது ‘அழிவாய்ப்பு இனம்’. ‘அருகிய இனம்’ என்பது அதற்கு அடுத்த, இன்னும் மோசமான நிலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதக் கூடாது.

இந்தப் புல் போனால் அது மட்டும் போவதில்லை. இதன் இலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் அகலம். அந்த இலைமேலேயே வாழ்வதற்கு வாகாக, பக்கவாட்டில் ஒடுங்கிய ஓட்டோடு ஒரு குட்டி நத்தை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லாங்கபான் காயல், நைஸ்னா கழிமுகம் ஆகிய இரண்டு இடங்களை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது. லாங்கபான் காயலிலோ 1960-களுக்குப் பிறகு புல்வெளி பெரிதும் சுருங்கிவிட்டது. நைஸ்னாவின் கடற்குதிரையும் இந்தப் புல்லை வாலால் பற்றி நிற்கிறது.

காலநிலை மாற்றம் இதைப் பல பக்கமும் நெருக்குகிறது. நீர் வற்றும் நேரத்தில் வெயில் இலையைக் கருக்குகிறது. பெருவெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து மூடுகிறது, கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்குவதில்லை. அதோடு கேப் கச்சைப்புல் விதையைவிடத் தண்டு படர்ந்தே பெரும்பாலும் பெருகுகிறது. பரந்து தெரியும் வெளியில் பாதி ஒரே செடியின் நகலாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெப்ப அலைக்குத் தாக்குப்பிடிக்காத செடி இருந்தால், அதன் நகல்களும் தாக்குப்பிடிக்காது.

ஆகவே பரப்பளவை மட்டும் அளந்தால் போதாது, மரபணு வளத்தையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர், கிழக்கே அகுல்யாஸ் நீரோட்டத்தின் வெப்பம். இரு கரைப் புற்களும் மரபணுவில் பிரிந்தே நிற்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அழிந்த இடத்தில் மீண்டும் நடும்போது நாற்றை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அருகிலுள்ள வெளியிலிருந்து எடுத்தால் அந்த இடத்துக்குப் பழகிய செடி கிடைக்கும். வெப்பம் பழகிய வெளியிலிருந்து கொஞ்சம் கலந்தால் நாளைய சூட்டுக்குத் தாங்கலாம், ஆனால் இன்றைய குளிருக்குத் தாங்குமா என்பதை முதலில் சிறிய பாத்தியில் நட்டுப் பார்த்தாக வேண்டும்.