சாய்த்தால் திரும்பும் சக்கரம்

புதிதாக ரோலர் ஸ்கேட் மாட்டியவர், நடக்கிற பழக்கத்தில் காலை நேர் பின்னால் உதைப்பார். சக்கரம் அந்தத் திசையில்தான் தடையில்லாமல் உருளும்; கால் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும், ஆள் நகரமாட்டார். சக்கரத்துக்குப் பிடிமானம் இருப்பது பக்கவாட்டில்தான்.

அதனால்தான் முதல் பாடம் பாதத்தைத் தூக்காமலேயே தொடங்குகிறது. குதிகால்களைச் சேர்த்து, கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கி இரு கால்களையும் வெளியே அழுத்துங்கள். வலது சக்கரங்களைத் தரை இடப்பக்கமும் கொஞ்சம் முன்னோக்கியும் தள்ளும். இடது சக்கரங்களை வலப்பக்கமும் முன்னோக்கியும். பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, முன்னோக்கிய விசை மிஞ்சும். கால்கள் தோள் அகலத்துக்கு விரிந்ததும் விரல்களை உள்ளே திருப்பி இழுத்தால், மறுபடியும் அதே கணக்கு. சக்கரங்கள் போன தடம் எலுமிச்சம்பழம் போல இருக்கும்.

சரி, வளைவது எப்படி? 1863-இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை பெற்ற நான்கு சக்கர ஸ்கேட்டில் இதற்கு வழி கிடைத்தது. ஸ்கேட்டை மேசைமேல் வைத்து வலது ஓரத்தை மட்டும் அழுத்திப் பாருங்கள். அடித்தட்டு சாயும், வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் நெருங்கும், இடப்பக்கத்தவை விலகும். முன் அச்சு வலப்பக்கமும் பின் அச்சு இடப்பக்கமும் திரும்புவதே காரணம். இரண்டு அச்சுகளையும் கோடாக நீட்டினால் அவை சந்திக்கும் இடம்தான் நீங்கள் வளையும் வட்டத்தின் மையம். பாதத்தை முறுக்கத் தேவையே இல்லை, கணுக்காலைச் சாய்த்தால் போதும்.

எவ்வளவு சாயும் என்பதை அச்சுக்கு நடுவிலுள்ள ரப்பர் தீர்மானிக்கிறது. அதன் நட்டை இறுக்கமாக முடுக்கிவிட்டால், எடை குறைந்த குழந்தை எவ்வளவு சாய்ந்தாலும் ஸ்கேட் நேராகவே ஓடும். 'பிள்ளைக்குத் திரும்பவே வரலை' என்று அலுத்துக்கொள்வதற்கு முன் அந்த நட்டைப் பார்ப்பது நல்லது. ரொம்பவும் தளர்த்தினால், அப்புறம் வேகத்தில் கால் ஆடும்.

முன்னால் போய்க்கொண்டே பின்பக்கம் திரும்புவது வேறு விஷயம். ஒரு காலில் முன்சக்கரங்கள், மறுகாலில் பின்சக்கரங்கள் என நான்கு மட்டும் தரையில் இருக்க, உடல் சுழல வேண்டும். இங்கே சக்கரம் தரையில் கொஞ்சம் வழுக்கினால்தான் வசதி. சக்கரத்தின் கடினத்தை 'ஏ' என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூடும். மரத்தளத்துக்கான கடினச் சக்கரங்கள் 95ஏ அளவிலும் அதற்கு மேலும் வரும். தெருவுக்கான 78ஏ சக்கரம் மென்மையானது, தரையை விடாது. அதை மாட்டிக்கொண்டு சுழலப் பார்த்தால் முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.